ஃப்ளிண்டர்ஸ் மலைக்கு ஒரு டிரெய்லர்: சேசிஸ் முதல் தோசைக்கல் வரை

காரின் பின்னால் இழுத்துப்போய் முகாமிட நானே கட்டும் டிரெய்லர் இப்போது ஓடுகிறது. மேலே கூடாரம் ஏறிவிட்டது, பின்னால் சமையல் மேடை வந்துவிட்டது, தென் ஆஸ்திரேலியப் பதிவெண்ணும் கிடைத்துவிட்டது. பாக்கி இருப்பது சில்லறை வேலைகள்தான். சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதுவரை ஆனதை எழுதி வைக்கிறேன்.

அடிலெய்டிலிருந்து வடக்கே, ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடரில் இருக்கும் வில்பெனா பவுண்ட் ஏறக்குறைய 430 கிலோமீட்டர். அதுவரை தார்ச்சாலை. அதைத் தாண்டி புனியரூ, பிராச்சினா பள்ளத்தாக்குகளுக்குள் போனால் மண்பாதை, காய்ந்த ஓடைப் படுகை, உருண்டைக் கற்கள். பாதை முழுக்க தகரக் கூரை போல வரிவரியாக இருக்கும். வண்டி குலுங்கிக்கொண்டே போகும், ஒவ்வொரு நட்டும் தளரப் பார்க்கும், பின்னால் செம்புழுதி சுருண்டு எழும். இந்த நடுக்கத்தையும் புழுதியையும் முதல் எதிரிகளாக வைத்துத்தான் எல்லா முடிவும் எடுத்தேன். அடுப்பும் விளக்கும் எல்லார் கண்ணிலும் படும். ஆனால் என் உழைப்பில் பாதிக்கு மேல் கண்ணில் படாத இடங்களுக்குத்தான் போனது.

சட்டகத்துக்கு 75×50 அளவில் 3 மில்லிமீட்டர் கனமுள்ள செவ்வகக் குழாய். காரோடு இணைக்க முன்னால் நீளும் டிராபாருக்கு 100×50, 4 மில்லிமீட்டர். டிராபார் பெட்டியின் முகப்போடு முடியவில்லை, அடியில் ஓடி ஸ்பிரிங் தாங்கி வரை போகிறது. ஒரு டிரெய்லர் உடைகிறது என்றால் பெரும்பாலும் டிராபார் பெட்டிக்கு அடியில் நுழையும் இடத்தில்தான் உடையும். குழாயின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் குறுக்காக வெல்டிங் வைத்தால், ஓயாத வளைவில் அந்தக் கோட்டில்தான் விரிசல் தொடங்கும். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், தொழிலே வெல்டிங், சோக்கட்டியால் கோடு போடும்போதே சொல்லிவிட்டார்: "அண்ணை, குறுக்கால வெல்ட் வைக்காதேங்கோ, அதிலதான் வெடிக்கும். பக்கவாட்டில நீளத்துக்கு வையுங்கோ." அப்படியே செய்தோம்.

அப்புறம் கால்வனைசிங், அதாவது சட்டகத்தை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. உருகிய துத்தநாகத் தொட்டி ஏறக்குறைய 450 டிகிரி சூட்டில் இருக்கும். இரு முனையும் அடைத்த குழாய் உள்ளே போனால் அதிலிருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து வெடித்துவிடும். அதனால் ஒவ்வொரு குழாயின் முனைக்கும் பக்கத்தில், மூலைக்கு மூலை எதிராக, 12 மில்லிமீட்டர் துளைகள் போட்டோம். ஒன்று காற்று வெளியேற, ஒன்று துத்தநாகம் வடிய. துளையிடுவது அலுப்பான வேலைதான். ஆனால் குழாயின் உட்புறமும் துருப்பிடிக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. பெயின்ட் அடித்தால் வெளிப்புறம் மட்டும்தான் தப்பிக்கும்.

சக்கர அச்சை எங்கே வைப்பது என்பதற்குக் கணக்கு எளிது. எல்லாம் ஏற்றியபின் 1,100 கிலோ என்று வைத்தேன். காரின் கொக்கியில் அதில் பத்தில் ஒரு பங்கு, 110 கிலோ, அழுத்த வேண்டும். கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். 110-ஐ 3-ஆல் பெருக்கி 1,100-ஆல் வகுத்தால் 0.3. அதாவது மொத்த எடையின் மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். கொக்கியில் எடை குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிவிடும். 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு நேர் முன்னால் தாழ்வாகத் தொங்கவிட்டதும் இதற்காகத்தான். தொட்டி நிறைந்திருந்தாலும் காலியானாலும் கொக்கியில் 12 கிலோ அளவுதான் மாறும்.

சஸ்பென்ஷனுக்கு இப்போது பலரும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங் வைத்த தனித்தனிக் கைகளை விரும்புகிறார்கள். சொகுசு அதில் கூடுதல் என்பது உண்மை. நான் பட்டை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வைத்தேன். ஒரு பட்டை முறிந்தால் வழியிலேயே மாற்றலாம், சின்ன ஊர்ப் பட்டறைக்காரரிடமும் இருக்கும். சக்கரங்கள் இதை இழுக்கும் என் பிராடோ காரில் உள்ளவையேதான்: ஆறு போல்ட், அவை அமைந்த வட்டம் 139.7 மில்லிமீட்டர், 265/65 ஆர்17 டயர். ஹப் வாங்கும்போது போல்ட் மரையையும் 12×1.5 என்று கேட்டு வாங்கினேன். ஒரே ஸ்பேனர், ஒரே நட்டு, கார் ஸ்டெப்னியும் டிரெய்லர் ஸ்டெப்னியும் ஒன்றுக்கொன்று உதவும். ஆஸ்திரேலிய விதிப்படி மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். ஆகவே இரு சக்கரத்திலும் மின்சார டிரம் பிரேக்.

புழுதிதான் நான் அதிகம் மெனக்கெட்ட இடம். வண்டி ஓடும்போது பெட்டியின் பின்பக்கம் காற்றழுத்தம் குறைகிறது, சின்ன இடுக்கு கிடைத்தாலும் புழுதி உறிஞ்சப்பட்டு உள்ளே வந்துவிடும். கதவு விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டிவிட்டால் போதாது. பீடிங் முழுக்க சுண்ணக்கட்டிப் பொடி தடவி, கதவை மூடித் தாழிட்டு, திறந்து பார்த்தேன். கதவின் உள்விளிம்பில் வெள்ளைக்கோடு எங்கே விட்டுப்போகிறதோ அங்கே ரப்பர் தொடவில்லை. கீழ் மூலைகளில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடே இல்லை. கீலை நகர்த்தி, அழுத்திப் பூட்டும் தாழ்ப்பாள் போட்டபின் கோடு முழுதாக வந்தது. இரவில் உள்ளே டார்ச் எரியவிட்டு வெளியே ஒளி கசிகிறதா என்றும் பார்த்தாயிற்று. இதற்கு மேல், பெட்டியின் முன்புறம் உயரத்தில் வடிகட்டி வைத்த காற்றுத்துளை ஒன்று. ஓடும்போது சுத்தமான காற்று அதன் வழியே புகுந்து உள் அழுத்தத்தைக் கூட்டும், இடுக்கு இருந்தாலும் காற்று வெளியேதான் போகும்.

மின்சாரத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. இங்கே கடையில் '6 மில்லிமீட்டர்' என்று விற்கும் வாகன வயரில் செம்பின் குறுக்களவு 4.6 சதுர மில்லிமீட்டர்தான். அந்த 6 என்பது மேலுறையையும் சேர்த்த விட்டம். காரிலிருந்து டிரெய்லர் சார்ஜருக்கு 25 ஆம்பியர், போகவர 12 மீட்டர் வயர் என்றால் அதில் 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 8 பி அண்ட் எஸ் என்ற தடித்த வயர் போட்டால் அது முக்கால் வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். அதைத்தான் போட்டேன். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 200 வாட் சோலார், 40 லிட்டர் ஃப்ரிட்ஜ். கோடையில் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-மணி அளவு குடிக்கிறது. வெயில் இல்லாவிட்டாலும் இரண்டு நாள் தாராளமாகத் தாங்கும்.

சமையல் மேடை பின்கதவைத் திறந்து இழுத்தால் வெளியே வரும். தோசைக்கல்லுக்கு ஃபெல்ட் ஒட்டிய செங்குத்தான இடுக்கு செய்தேன், படுக்க வைத்தால் தட்டித்தட்டி பக்கத்துப் பாத்திரத்தை நசுக்கிவிடும். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் மடக்கும் தகரத் தடுப்பு. மலைக்காற்றில் அது இல்லாமல் தோசை ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வெளுத்துக் கிடக்கும். மாவை டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை, குலுக்கலில் பொங்கி வழியும். என் மனைவிக்குச் சாம்பார்ப் பொடி டப்பாக்களின் மூடிதான் கவலை, மண்பாதையில் தானே கழன்றுகொள்ளும். இப்போது எல்லாமே கிளிப் மூடி.

மண்பாதையில் ஓட்டியபின் ஒவ்வொரு போல்ட்டாகச் சோதித்தேன். நைலான் வளையம் வைத்த நட்டுகள் ஒன்றும் அசையவில்லை. அலுமினியத் தகட்டைப் பிடித்திருந்த பாப் ரிவெட்டுகள் சில லொடலொடத்தன, அங்கெல்லாம் இப்போது போல்ட்டும் அகலமான வாஷரும் போட்டாயிற்று.

அடுத்து இடப்பக்க நிழற்கூரை. அதன் எடை 25 கிலோவுக்கு மேல் வரும், முழுவதும் ஒரே பக்கம் ஏறும். அதனால் பேட்டரிப் பெட்டியை வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டு, பொது எடைமேடையில் இரு சக்கரத்தையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கப் போகிறேன். தாங்கிக்கான 5 மில்லிமீட்டர் தகடு வாங்கி வைத்தாயிற்று.