உதட்டுச் சாயத்தில் ஒரு பூச்சி

அக்காள் மகள் வாங்கிவந்த உதட்டுச் சாயத்தின் அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கடைசி வரியில் ‘சி.ஐ. 75470’ என்ற நிற எண். கார்மைன்! சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சுபோல அப்பிக்கிடக்கும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுக்கிற சிவப்பு. வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாத வீடு எங்களுடையது.

அதே பட்டியலில் இருந்த லனோலின் என்கிற செம்மறி ரோமத்துப் பிசுக்கு எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை; கத்தரித்த பிறகும் ஆடு உயிரோடு இருக்கிறது. ஸ்குவாலேன் என்கிற, சருமத்தை மென்மையாக்கும் எண்ணெயில்தான் மனம் ஆறவில்லை. கரும்பிலும் ஆலிவிலும் அதே பொருள் கிடைக்கும்போது சுறாவின் ஈரல் எதற்கு? எதிலிருந்து எடுத்தது என்று டப்பாவில் ஒரு சொல் கிடையாது. அழகுப்பொருட்களை விலங்குகள்மீது சோதிப்பதை 2014-இல் இந்தியா தடைசெய்தது. சோதனைக்குத்தான் தடை, சேர்மானத்துக்கு இல்லை.

இத்தனையும் அவளிடம் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தாள். “சித்தி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டா இதைச் சொல்கிறீர்கள்?”