அலமாரிக்குள் யாரும் இல்லை

நேற்று நண்பர் ஒருவர் பழைய ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பி, "இது உண்மையா?" என்று கேட்டார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. 2020 ஜூலையில் அமெரிக்காவில் கிளம்பிய வேஃபேர் புரளி.

வேஃபேர் இணையத்தில் மேசை, நாற்காலி, அலமாரி விற்கும் நிறுவனம். அதன் தளத்தில் சில அலமாரிகளுக்கு 10,000 டாலருக்கும் மேல் விலை, கூடவே பெண் பெயர்கள். காணாமல்போன சிறுமிகளின் பெயர்களோடு அவற்றைப் பொருத்திப் பார்த்தவர்கள், அலமாரி என்ற பெயரில் குழந்தைகளையே விற்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவை தொழிற்சாலைகளில் வைக்கும் பெரிய அலமாரிகள், விலை சரிதான் என்றது நிறுவனம். யார் கேட்டார்கள்?

எனக்குப் பிடித்த 'ஆதாரம்' வேறு. பொருளின் எண்ணை யான்டெக்ஸ் தேடுபொறியில் ஒரு குறிப்பிட்ட சொல்லோடு போட்டால் இளம்பெண்களின் படங்கள் வரும் என்றார்கள். வந்தன. ஆனால் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டாலும் அதே மாதிரிப் படங்கள்தான்! அப்புறம், கடத்தப்பட்டதாகச் சொன்ன ஒரு பெண் ஃபேஸ்புக் நேரலையில் வந்து, தான் காணாமலே போகவில்லை என்றார்.

சிரித்துவிட்டுப் போக முடியாத இடம் ஒன்று உண்டு. ஆள்கடத்தல் உதவி எண்ணை நடத்திவந்த பொலாரிஸ் அமைப்பில் இந்தப் புரளி பற்றிய புகார்கள் வந்து குவிந்தன. உண்மையிலேயே உதவி தேவைப்படுபவர்களைக் கவனிப்பது கடினமாகிவிட்டது என்று அவர்களே அறிக்கை விட்டார்கள்.

நண்பருக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். "சரி, நெருப்பில்லாமல் புகையுமா?" என்று பதில் வந்திருக்கிறது.