வாட்கின்ஸ் கிளென்: காசு கொடுத்ததும் கொடுக்காததும்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இணையத்தில் 169 டாலர் என்று காட்டிய மோட்டல் அறை, சாவி கைக்கு வருவதற்குள் 228 ஆகிவிட்டது. வரி போக 'ரிசார்ட் கட்டணம்' என்று இன்னொன்று. "ரிசார்ட் எங்கேப்பா?" என்று கேட்டதற்கு, கவுண்டரில் இருந்த பையன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். கார் நிறுத்தும் இடத்துக்கு நடுவே குட்டியாக ஒரு நீச்சல் குளம். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது, ஜூலை மாதத்தில்! கார்ப் பந்தய வாரங்களில் வந்தால் வாடகை இன்னும் ஏறும் என்று ஆறுதல் வேறு சொன்னான். எந்த மோட்டல் என்று எழுதப் போவதில்லை. பணம் கட்டுவதற்கு முன் மொத்தத் தொகையைப் பாருங்கள், அவ்வளவுதான்.

நியூ ஜெர்சியிலிருந்து நாலு மணி நேரம். 81-ம் எண் நெடுஞ்சாலையில் பிங்ஹாம்டன் போய், அங்கிருந்து மேற்கே. வழியில் சொல்லும்படி ஒன்றுமில்லை. நியூயார்க் மாநிலத்தின் செனகா ஏரி தெற்கே முடியும் இடத்தில் இருக்கிறது வாட்கின்ஸ் கிளென் ஊர். மக்கள்தொகை 2000-கூட இல்லை. ஃபிராங்க்ளின் தெரு என்ற ஒரே கடைத்தெரு. நடைபாதைக் கற்களில் பந்தய வீரர்களின் பெயர்கள். 1948-ல் இந்தத் தெரு வழியாகவே கார்ப் பந்தயம் விட்டிருக்கிறார்கள். 1952-ல் வேடிக்கை பார்த்த கூட்டத்துக்குள் கார் புகுந்து ஒரு குழந்தை இறந்த பிறகுதான் பந்தயம் ஊருக்கு வெளியே போனது. அங்கே 1961 முதல் 1980 வரை ஃபார்முலா ஒன் நடந்தது. எனக்குக் கார் பைத்தியம் கிடையாது, மேலே போகலாம்.

இங்கே ஓடை அறுத்த மலைப்பிளவு ஒன்று இருக்கிறது, அதைப் பார்ப்பதுதான் வந்த காரியம். கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். உள்ளே போகக் கட்டணம் இல்லை, கார் நிறுத்த மட்டும் 10 டாலர் வாங்கினார்கள். சுமார் 2 மைல் தூரத்துக்குள் 19 அருவிகள், 832 படிகள். முதல் நாள் பதினோரு மணிக்குப் போய், தேர்க் கூட்டத்தில் மாட்டியது போல முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினோம். மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்பவும் போனோம். அதுதான் சரியான நேரம். தண்ணீர்ச் சத்தமும் நாங்களும் மட்டும்.

ஓரிடத்தில் பாதை அருவிக்குப் பின்னாலேயே போகிறது. கண்ணாடி முழுக்கத் திவலை, ஒன்றும் தெரியவில்லை. கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தால், பக்கத்துப் பாறை அப்பளக்கட்டை அடுக்கி வைத்த மாதிரி ஏடு ஏடாக இருக்கிறது. மென்மையான ஏடுகள் கரைந்து போக, கெட்டியான ஏடுகள் மட்டும் படியாக நின்று அருவியாகிவிட்டன. பனியுகம் முடிந்ததிலிருந்து ஓடை செய்துவரும் வேலை, சுமார் 12,000 ஆண்டு. 1935 ஜூலை வெள்ளத்தில் பழைய நடைபாதையெல்லாம் அடித்துப் போய், பிறகுதான் இந்தக் கல் படிகளும் கைப்பிடிச் சுவர்களும் வந்தனவாம். பாறையோடு சேர்ந்தே முளைத்த மாதிரி கட்டியிருக்கிறார்கள். கடைசி 180 படியில் என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். "நீங்களும் பையனும் போய்ட்டு வாங்க, அருவி எல்லாம் ஒண்ணுதான்." முழங்கால் வலிக்காரர்கள் அவள் சொல்வதைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் பர்ஸ் காலியாகிவிடும் என்று பயந்து புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். இரண்டாம் நாள் அது தீர்ந்ததும் ஒரு சின்ன உணவகத்தில் உப்பு உருளைக்கிழங்கு சொன்னேன். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய உருளை, தோலோடு, கடுமையான உப்புத் தண்ணீரில் வெந்தது. தோலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். கடித்தால் உள்ளே வெண்ணெய் போலக் குழைவு. மேலே உருக்கிய வெண்ணெய் வேறு. பக்கத்து சிரக்யூஸில் உப்புக் காய்ச்சிய தொழிலாளர்கள், காய்ச்சும் தண்ணீரிலேயே உருளையைப் போட்டு வேகவைத்துத் தின்ற சாப்பாடு இது. கைவசம் இருந்த இட்லிப் பொடியைத் தூவினேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். பரிமாறிய அம்மாள், "எனக்கும் கொஞ்சம்" என்று கையை நீட்டினார்!

உப்பு இந்த ஊரில் கதையாகவில்லை, இன்னும் தொழிலாகவே இருக்கிறது. ஏரிக்கரையில் நின்றால் உப்பு ஆலையின் ஆவி தெரியும். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்பு பூமிக்கடியில் படிந்து கிடக்கிறது. தண்ணீரை உள்ளே செலுத்திக் கரைத்து, மேலே எடுத்துக் காய்ச்சுகிறார்கள். ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். 618 அடி ஆழம் என்பதால் குளிர்காலத்திலும் முழுதாக உறைவது அபூர்வம். படகுச் சவாரிக்கு மூன்று பேர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மரப்பாலத்தின் கோடியில் இருக்கும் மண்டபத்தில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்தோம். அதற்கு யாரும் கட்டணம் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் மூன்றே மைலில் மாண்டூர் ஃபால்ஸ் என்ற ஊர். வீடுகள் வரிசையாக இருக்கும் சாதாரணத் தெரு, அது முடியும் இடத்தில் 156 அடி அருவி! எதிர்த் திண்ணையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பாட்டியிடம், இந்தச் சத்தத்தில் தூக்கம் வருமா என்று கேட்டேன். கோடையில் தண்ணீர் குறைந்து சத்தம் நின்றால்தான் விழிப்பு வருகிறது என்றார். காரைத் தெருவோரமே நிறுத்தியிருந்தோம். காசில்லை.