கூம்பில் உள்ள பைனீன்: (+), (−) விகிதத்தை எப்போது நம்பலாம்?

பைன், ஸ்புரூஸ் கூம்புகளில் இருக்கும் ஆல்ஃபா-பைனீன், பீட்டா-பைனீன், லிமோனீன் மூன்றுக்கும் (+), (−) என இரண்டு எனன்டியோமர்கள், அதாவது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான வடிவங்கள், உண்டு. வாயு குரோமட்டோகிராபியில் (ஆவியாக்கிய கலவையைக் கேபிலரி என்ற, உள்ளே பூச்சுள்ள மெல்லிய குழாய் வழியே ஓட்டிப் பிரிக்கும் முறை) டிபி-5 போன்ற சாதாரண கேபிலரியில் ஒரு சேர்மத்தின் இரண்டு வடிவங்களும் ஒரே பீக்காக (வரைபடத்தில் ஒரே மேடாக) வரும். மாஸ் ஸ்பெக்ட்ரமும் (மூலக்கூறு தரும் அயனிகளின் நிறைப் பதிவு) கைகொடுக்காது, இரண்டுக்கும் அது ஒன்றுதான். பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் வகைப் பூச்சுள்ள கைரல் கேபிலரிதான் (கண்ணாடிப் பிம்ப வடிவங்களை வேறுபடுத்துவது) அவற்றைப் பிரிக்கும்.

கூம்பைப் பறித்ததும் அலுமினியத் தாளில் சுற்றி −20 டிகிரியில் வையுங்கள். சூட்டடுப்பில் உலர்த்தவே கூடாது, பைனீன், லிமோனீன் போன்ற மோனோடெர்பீன்கள் பறந்துவிடும். செதில், விதை, வெளியே கசிந்த பிசின் மூன்றையும் தனித்தனியாக எடுப்பது நல்லது. செதிலை லிக்விட் நைட்ரஜனில் உறையவைத்துப் பொடித்து, 0.5 கிராமுக்கு 5 மி.லி. ஹெக்சேன் ஊற்றி, மூடிய குப்பியில் சில மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டினால் போதும்.

30 மீட்டர் நீளம், 0.25 மி.மீ. உள்விட்டம் உள்ள கேபிலரிக்கு 50 டிகிரியில் தொடங்கி நிமிடத்துக்கு 1 முதல் 2 டிகிரி ஏற்றுங்கள். அவசரப்பட்டால் பிரிவு போய்விடும். ஸ்ப்ளிட் (கேபிலரிக்குள் போகும் மாதிரிக்கும் வெளியேற்றப்படும் மாதிரிக்கும் உள்ள விகிதம்) 1:50க்குக் குறைய வேண்டாம். உள்ளே போகும் சரக்கு அதிகமானால் பெரிய பீக் சரிந்து பக்கத்துச் சிறிய பீக்கை விழுங்கிவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது இன்ஜெக்டர் லைனரை, அதாவது மாதிரி ஆவியாகும் இடத்தில் உள்ள கண்ணாடிக் குழாயை. அதில் அழுக்கும் அமிலத்தன்மையும் சேர்ந்தால், சூட்டில் பைனீன் உருமாறி கேம்ஃபீனும் லிமோனீனும் உண்டாகும். கூம்பில் இல்லாத அந்த லிமோனீன் உங்கள் விகிதத்தைக் கெடுக்கும். தூய பைனீனை மட்டும் செலுத்திப் பாருங்கள். அந்தப் பீக்குகள் நாளுக்கு நாள் வளர்ந்தால் லைனரை மாற்றுங்கள்.

பிறகு ரசீமிக் கலவையை (இரண்டு எனன்டியோமர்களும் சமமாக உள்ளது) செலுத்துங்கள். 50:50 வராவிட்டால் மாதிரியின் எண்ணையும் நம்பாதீர்கள். வந்தாலும் பாதி வேலைதான் முடிந்தது: கூம்புச் சாற்றில் வேறொரு டெர்பீன் ஒரு எனன்டியோமரின் மேல் ஏறி உட்காரலாம். மோனோடெர்பீன்களில் பெரும்பாலானவை 136, 93 நிறையுள்ள அதே அயனிகளைத் தருவதால் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் இது எளிதில் தெரியாது. அதே சாற்றை டிபி-5இலும் எஃப்ஐடி (சுடர் அயனியாக்க உணர்கருவி) வைத்து ஓட்டுங்கள். அங்கே ஆல்ஃபா-பைனீனின் பங்கும், கைரல் கேபிலரியில் அதன் இரண்டு பீக்குகளின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போக வேண்டும். கூட்டுத்தொகை மிஞ்சினால் ஒட்டிக்கொண்ட ஆள் உண்டு.

எது முன்னால் வரும் என்பதையும் ஊகிக்காதீர்கள், பூச்சு மாறினால் வரிசையும் மாறலாம். கடையில் வாங்கும் (−)-ஆல்ஃபா-பைனீனிலும் கொஞ்சம் (+) கலந்திருக்கும். லேபிளில் உள்ள தூய்மையைப் பாருங்கள்.

விகிதம் 97:3 என்றால் எனன்டியோமர் மிகுதி (இரண்டு பங்குகளின் வித்தியாசம்) 94%. சிறிய பீக்கின் அடிக்கோட்டைச் சற்றுத் தள்ளிப் போட்டு 98:2 ஆக்கினால் அது 96%. பெரிய பீக்கின் வாலில் சிறியது அமரும்போது இந்தத் தடுமாற்றம் மோசமாகும். சிறியது முதலில் வெளிவரும் பூச்சு கிடைத்தால் அதையே எடுங்கள்.