வேலூர் வெயிலில் கொஞ்சம் சிக்கனம்

வேலூரில் இருந்துகொண்டு ஏசி போடாதே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். தாராளமாகப் போடுங்கள், ஆனால் 18-இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்வதுதான் புரியவில்லை. ஒரு டிகிரி கூட்டினாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பே சொல்கிறது. அதற்கும் முன்னால் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், வெயிலில் பாதி அங்கேயே திரும்பிப் போய்விடும். மழையில் கரையும்தான், அதனால் ஒவ்வொரு பங்குனியிலும் புதிதாக அடிக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டதால் குழாய் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது, குழியில்தான் மண் அடைத்துக் கிடக்கிறது! ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தக் கூழாங்கற்களை எடுத்துக் கழுவிப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

செருப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன பாடுபடுத்தியது என்பது 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தத் தொழிலை நம்பித்தான் இங்கே எத்தனையோ குடும்பங்கள், அதனால் தோலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அடி தேய்ந்தால் தூக்கிப் போடாமல் புது அடி ஒட்டிப் போடுங்கள் என்கிறேன்.

மஞ்சப்பை? வண்டி டிக்கியில் ஒன்று கிடக்கட்டும். கத்தரிக்காய் வாங்கும்போது இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கிறதா என்று கேளுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், லாரியில் வெகுதூரம் வர வேண்டியதில்லை, குழம்பில் ருசியே தனி.