ராஜினாமா கடிதம் நான் எழுதவில்லை

2019-இல் கோவையில் ஒரு வண்டி ஷோரூமில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஐந்து மாதம் என்று சொன்ன மறுநாளே மேனேஜர் கூப்பிட்டார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றனுங்ம்மா. ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு ரெஸ்ட் எடுங்க. குழந்தை கொஞ்சம் வளந்தப்புறம் வாங்க, பாத்துக்கலாம்." அதட்டல் எதுவும் இல்லை, டீ கூட வரவழைத்தார். பக்கத்து மேசைக்காரர் அப்பாவானதும் அதே மாதம்தான். அவருக்குக் கைகுலுக்கல், எங்களுக்கெல்லாம் லட்டு.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வந்துவிட்டேன். தொழிற்சங்கத்தில் இருக்கும் பெரியம்மா மகளிடம் கேட்டபோது, "எதையும் எழுதிக் குடுத்துடாதடி" என்றாள். அப்போது இருந்த 1961-ஆம் வருட மகப்பேறு நலச் சட்டத்தை 2017-இல் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். கர்ப்பமாக இருக்கும்போது அவர்களாக நீக்கினாலும் அந்தப் பணம் போகாது. நாமாக விலகினால்தான் சிக்கல். என் சம்பளம் 24,000. 21,000-க்குள் இருந்திருந்தால் அரசின் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. கொடுத்திருக்கும். அதைத் தாண்டியதால் முதலாளி கையிலிருந்து தர வேண்டும். திடீர்க் கரிசனத்தின் காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

விடுப்பு தொடங்கும் நாளையும் பிரசவத் தேதியையும் எழுதி, ஸ்கேன் நகலோடு ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தினமும் பார்க்கிற ஆளுக்குத் தபாலா என்று எனக்கே சிரிப்புதான். பதில் வரவில்லை. மாறாக, ஸ்டாக் எண்ணும் வேலைக்கு மாடிக்கு அனுப்பினார்கள்.

அப்புறம் லேபர் ஆபீஸ். மனுவில் இரண்டு பிரதி, ஒன்றில் சீல் வாங்கிக்கொண்டேன். மூன்று முறை அலைந்த பிறகு இரு தரப்பையும் கூப்பிட்டார்கள். "அவங்களேதான் நின்னுக்கறேன்னாங்க" என்றார் மேனேஜர். "லெட்டர் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். இல்லை. எங்களிடம் ஒப்புகை அட்டை இருந்தது. பேச்சு அத்தோடு பணத்துக்கு வந்துவிட்டது.

பிரசவத்துக்கு முந்தைய பங்கை விடுப்புக்கு முன்பே கொடுத்தார்கள். மீதியைப் பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்தில் தர வேண்டும். வந்தது மூன்று வாரம் கழித்து, அதுவும் இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு. திரும்பிப் போனபோது அதே மேசை இருந்தது. அந்த வருட இன்கிரிமென்ட் மட்டும் எனக்கு இல்லை. அதற்கும் ஒரு மனு எழுத நினைத்தேன். கைக்குழந்தையோடு மறுபடி அலையத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.