ஃபேர்னஸ் கதவில் ஒட்டிய தாள்

மூன்று வருடங்களுக்கு முதல், ஜனவரியில் ஒரு ஞாயிறு இரவு. வெளியில் மைனஸ் 19. ஒன்பது மணி போல அம்மா பேஸ்மென்றிலிருந்து கூப்பிட்டு, "தம்பி, காத்து வருது, ஆனால் குளிர்க் காத்தாய் வருது" என்றார். போய்ப் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபேர்னஸ் பற்றுகிற சத்தம் கேட்கிறது, நாலைந்து செக்கனில் அணைகிறது, திரும்பப் பற்றுகிறது, திரும்ப அணைகிறது. மூன்று தரம் அப்படிச் செய்துவிட்டு ஒரேயடியாக நின்றுவிட்டது.

இணையத்தில் முதலில் கண்ட நம்பருக்கு அடித்தேன். ஒரு மணித்தியாலத்தில் ஒருவர் வந்து, டோர்ச் அடித்துப் பார்த்து, "ஹீற் எக்ஸ்சேஞ்சர் வெடிச்சிருக்கு, கார்பன் மொனொக்சைட் வரும், இனி இதைப் போடக்கூடாது" என்றார். நெருப்புப் புகையையும் வீட்டுக் காற்றையும் பிரித்து வைக்கிற உலோகப் பகுதிதான் ஹீற் எக்ஸ்சேஞ்சர்; அதில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்கிறார். ஒப்பந்தத் தாள் கையோடு இருந்தது. புது ஃபேர்னஸ், புது ஏசி, மாதம் 129 டொலர் வாடகை, 10 வருடம், நாளைக்கே பூட்டித் தருவோம். அம்மாவுக்கு 74 வயது, மகளுக்கு இரண்டு, வீடு 15 பாகைக்கு இறங்கிவிட்டது. நான் பேனையை எடுத்துவிட்டேன். மனைவிதான் "முதலில் பெருக்கிப் பாருங்கோ" என்றா. 15,480 டொலர். வருடா வருடம் வாடகை ஏறும் என்று சின்ன எழுத்தில் இருந்ததைச் சேர்க்காமலே அவ்வளவு. காலையில் சொல்கிறோம் என்று அவரை அனுப்பிவிட்டு, இரண்டு மின்சார ஹீற்றர்களோடு எல்லோரும் ஒரே அறையில் படுத்தோம்.

விடிய, நண்பரின் தம்பி வந்தார். ஒன்ராறியோவின் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.யின் உரிமம் உள்ள ஜி2 தரக் கேஸ் ரெக்னீசியன். கதவைக் கழற்றி, உள்ளே மின்னிக்கொண்டிருந்த சின்ன லைற்றை எண்ணினார். எத்தனை தரம் மின்னினால் என்ன பிழை என்ற அட்டவணை அந்தக் கதவின் உட்பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. நெருப்புப் பற்றியிருக்கிறதா என்று பார்க்கிற சென்சர், பென்சிலைவிட மெல்லிய ஒரு கம்பி, அதில் படை படிந்திருந்தது. கம்பி நெருப்பை உணராவிட்டால், கேஸ் சும்மா திறந்து கிடக்கக்கூடாது என்று மெஷின் தானாகவே மூடிவிடும். அதுதான் நடந்தது. கம்பியை மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் பூட்டினார், பற்றியது, எரிந்துகொண்டே இருந்தது. ஹீற் எக்ஸ்சேஞ்சருக்குள் கமெரா விட்டு எனக்கும் காட்டினார். வெடிப்பு எதுவும் இல்லை. 120 டொலர்.

போகும்போது பில்ரரை இழுத்துக் காட்டினார். சாம்பல் நிறக் கம்பளி மாதிரி இருந்தது. எங்கள் சமையலில் தாளிப்பும் மிளகாய் வறுவலும் மீன் பொரியலும் ஓயாது, அந்த எண்ணெய்ப் புகை பில்ரரில் ஒட்டி அதன்மேல் தூசி பிடிப்பதால், பெட்டியில் 'மூன்று மாதம்' என்று போட்டிருந்தாலும் ஒரு அங்குல பில்ரரை மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேணும் என்றார். காற்று போகாவிட்டால் ஹீற் எக்ஸ்சேஞ்சர் அளவுக்கு மீறிச் சூடாகும், லிமிற் சுவிட்ச் நெருப்பை நிறுத்தும். இப்படிப் பல வருடம் நடந்தால் உண்மையிலேயே வெடிப்பு வரும். காசை மிச்சம் பிடிக்க என்று ஆள் இல்லாத அறைகளில் காற்று வரும் வென்ற்றுகளை மூடி வைப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது, தயவுசெய்து திறந்து விடுங்கள். இன்னொன்று, பில்ரர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்று சொல்கிற மேர்வ் எண் 13 என்றால் நல்லது என்று கேள்விப்பட்டு அதை ஒரு அங்குலத் தடிப்பில் வாங்கிப் போட்டால் பழைய ஃபேர்னஸின் விசிறிக்கு இழுப்பது கஷ்டம். 8 அல்லது 11 போதும்.

முதல் ஆள் சொன்ன கார்பன் மொனொக்சைட் பயம் எங்கள் வீட்டில் பொய்யாகப் போனது, ஆனால் அந்த ஆபத்து பொய்யில்லை. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக்கில் லோரி ஹோக்கின்ஸ் என்ற பொலிஸ் அதிகாரி, அவருடைய கணவர், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு முழுக் குடும்பமே கேஸ் ஃபயர்பிளேசின் புகைவழி அடைபட்டதால் இறந்துபோனது. அவர்கள் பெயரால் வந்த சட்டப்படிதான் 2014 முதல் நித்திரை அறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் (சிஓ) அலாரம் கட்டாயம். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கத்தில் திகதி இருக்கும், இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். பேஸ்மென்றில் வாடகைக்கு ஆக்கள் இருந்தால் கீழேயும் ஒன்று வேலை செய்கிறதா என்று பாருங்கள். பனி கொட்டிய அன்று, ஃபேர்னஸ் மூச்சு விடுகிற, வீட்டுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்களைச் சுற்றி முதலில் வழியுங்கள், டிரைவ்வே பிறகு.

வாடகை ஒப்பந்தங்களைப் பற்றி எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அன்ரி வீட்டை விற்கப் போனபோதுதான், வாசலில் வந்து நின்ற ஒருவருக்கு எப்போதோ வைத்த கையெழுத்தால் வோட்டர் ஹீற்றருக்காக வீட்டு உறுதியில் ஒரு பாரம் பதிவாகியிருப்பது தெரிந்தது. அந்தப் பாரத்தை நீக்க ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். 2018 மார்ச்சிலிருந்து, கூப்பிடாமல் வீடு வீடாக வந்து ஃபேர்னஸ், ஏசி, வோட்டர் ஹீற்றர் ஒப்பந்தம் போடுவதற்கு ஒன்ராறியோவில் தடை. 2024 ஜூனில் அந்தப் பாரப் பதிவையும் நிறுத்திவிட்டார்கள். இருந்தும் நாங்களாகக் கூப்பிட்டு, விறைக்கிற இரவில் கையெழுத்து வைத்தால் சட்டம் ஓரளவுதான் உதவும்.

பழைய ஃபேர்னஸைப் போன வருடம் மாற்றினோம், செப்டெம்பரில், அவசரம் இல்லாமல். அதற்கு முதல் அட்டிக்கில் இன்சுலேஷன் போட்டோம். அதை முதலில் செய்யாமல் பெரிய மெஷின் வாங்குவது, ஓட்டை வாளியில் தண்ணீர் நிரப்புகிற வேலை. விலை கேட்ட நாலு பேரில் மூன்று பேர் பழையது 100,000 பி.ரி.யூ. (மணித்தியாலத்துக்கு எவ்வளவு சூடு என்ற அளவு) என்பதால் புதிதும் அதே என்றார்கள். ஒருவர் மட்டும் யன்னல்களை அளந்து, எஃப்280 என்ற கனேடிய நியம முறைப்படி வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்குப் போட்டு 43,000 என்றார். வேலையை அவருக்கே கொடுத்தோம். இப்போது 60,000 கேஸ் ஃபேர்னஸும் வெளிக் காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே தருகிற, இரண்டரைத் தொன் (நிறையில்லை, திறன்) ஹீற் பம்பும் சேர்ந்து ஓடுகின்றன. மைனஸ் 8 வரை ஹீற் பம்ப், அதற்குக் கீழே கேஸ். கோடையில் அதே ஹீற் பம்ப்தான் ஏசி. பழையது பத்து நிமிடம் கொதித்துவிட்டு நிற்கும், மாடி வேர்க்கும், கீழே அம்மாவுக்குக் கால் விறைக்கும். இப்போது மெல்லிய சூடு நின்று வருகிறது.

முதல் குளிர்காலத்தில் வெளியில் நிற்கும் யூனிற்றிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியதைப் பார்த்து மகள் "நெருப்பு" என்று ஓடி வந்தாள். அது தன்மேல் பிடித்த உறைபனியைக் கரைக்கிற வேலை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஏசி மட்டும் இருந்தபோது செய்தது மாதிரி இதைக் குளிர்காலத்தில் மூடிக் கட்டக்கூடாது. ஜூன் மாதத்தில் கொட்டன்வூட் மரத்துப் பஞ்சு பறந்து கம்பிகளில் அப்பிக்கொள்ளும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஹோஸ் தண்ணீரால் மெதுவாகக் கழுவுவேன்.

ஃபேர்னஸ் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பில்ரர் அளவு, மாற்றிய திகதிகள், அலாரம் காலாவதியாகும் வருடம், அந்தத் தம்பியின் நம்பர், காற்றுக்கு ஈரம் சேர்க்கிற ஹியூமிடிஃபயரின் டாம்பரை (காற்றுத் தகட்டை) எப்போது திறப்பது, எப்போது மூடுவது. நான் வேலைக்குப் போயிருக்கும்போது அம்மாவே பில்ரரை இழுத்துப் பார்த்துத் திகதி எழுதிவிடுகிறார். கடைசி வரி அவருடைய கையெழுத்து: "ஒக். 12, மாத்தினது."